வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு கூரை

"அம்மா, ஒரு பந்தல் போட வேண்டியிருக்கிறது. நீ வந்து சொன்னால்தான் சரியாக நடக்கும்" என்று என் பெண் டெலிபோனில் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேத்திக்கு வயது ஒன்பதுதான்; ஆகையால் கல்யாணப் பந்தலாக இருக்க முடியாது. கிரகப்பிரவேசமும் என்றோ ஆகிவிட்டது. பிறகு என்ன பந்தல்? விசாரித்ததில், கொல்லைப்புறத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார்களாம். அதற்கு மழையும் வெயிலும் படாமல் ஒரு கூரை வேண்டுமாம்! இதற்காகச் சென்னையிலிருந்து ஆளை அழைப்பார்களா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "கூரையைப் பற்றி அவர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன், அத்தை ஒன்றுமே சொல்ல மாட்டேன் என்கிறார்" என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் என்னை விமானம் ஏற வைத்தது.

என் பெண் இருப்பது அமெரிக்காவில், வாஷிங்டன் மாகாணத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கேயுள்ள ரெட்மண்ட் என்னும் ஊரில். இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகளில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அந்தத் திசையில் இருக்கக் கூடும். ஆறு மாதம் போய்த் தங்கி, பேரன் பேத்தியைப் பார்த்துக்கொண்டு, ஊறுகாய் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அப்படிப் போகிற இடத்தில் கொல்லைக் கதவைத் திறந்தால் இப்படி ஒரு தொட்டி உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் 2025 ஏப்ரலில் நான் கண்டதையும் கற்றதையும் விவரமாகவே எழுதுகிறேன்.

'ஹாட் டப்' என்கிறார்கள். ஏழடிச் சதுரம், மூன்றடி உயரம். உள்ளே ஐந்தாறு பேர் உட்கார ஆசனங்கள் குடைந்திருக்கின்றன. ஏறக்குறைய 1,400 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். நம் வீட்டில் தவலையில் வெந்நீர் போட்டு, குளித்து முடித்ததும் தீர்ந்துவிடுகிற கதை இல்லை இது. அதே தண்ணீரை இரவும் பகலும் மின்சாரத்தால் சூடாக வைத்து, வடிகட்டி, குளோரின் போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். 104 டிகிரி பாரன்ஹீட், அதாவது 40 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு ஏறாதபடி கட்டுப்பாடு உண்டு. விசையை அழுத்தினால் பக்கத்துத் துவாரங்களிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து முதுகையும் முழங்காலையும் பிடித்துவிடுகிறது. ஆள் வைத்துக் கால் பிடிக்கச் சொல்வதைவிட இது மேல். சம்பளமும் கேட்காது, ஊர் வம்பும் பேசாது!

இந்தச் சுழல்நீர்க் குளியல் பிறந்த கதையை அவசியம் சொல்ல வேண்டும். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள் கிணற்றுக்கு வைக்கும் பம்ப் செய்து விற்றுக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருவரான காண்டிடோவின் மகனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே மூட்டுவாதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சுழலும் வெந்நீரில் உட்கார வைத்தால் அவனுக்கு வலி குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள் தூக்கிக்கொண்டு அலைவது? வீட்டுக் குளியல் தொட்டியிலேயே இறக்கி வைக்கக்கூடிய ஒரு பம்பைச் செய்தார்கள். 1956-ல் அது விற்பனைக்கும் வந்தது. இன்று உல்லாசச் சாமான் என்று நாம் நினைப்பது, ஒரு குழந்தையின் முழங்கால் வலிக்காக உண்டானது.

எங்கள் வீட்டிலும் அப்படியேதான். மாப்பிள்ளை அந்தத் தொட்டியை வாங்கியது தன் தாயாருக்காக. என் சம்பந்தியம்மாளுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். கணவர் காலமான பிறகு, 2024-ல் திருச்சி வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையோடு வந்துவிட்டார். அந்த மே மாதமே தொட்டி வந்து இறங்கியது. டாக்டரும் சம்மதித்திருந்தார். ஆனால் நான் போய்ச் சேர்ந்த வரையில், பதினோரு மாதத்தில், அந்த அம்மாள் அதில் இறங்கியது நாலே தடவைதான். ஏன் என்று கேட்டால், "மழை தூறுகிறதே" என்பாராம். மழை இல்லாத நாளில், "வெயில் கண்ணைக் குத்துகிறது" என்பாராம். ஆகவே கூரை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டார்.

முதலில் மழையைப் பார்ப்போம். சியாட்டில் மழை ஊர் என்று பெயர் வாங்கியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஏறக்குறைய 1,400! நம் மழை ஐப்பசி கார்த்திகையில் ஆக்ரோஷமாக வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்த ஊர் மழையோ, வந்த விருந்தாளி எழுந்து போக மனமில்லாமல் வாசற்படியிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பது போல, வருஷத்தில் 150 நாட்களுக்கு மேல் பொசுபொசுவென்று தூறிக்கொண்டே இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வானம் வெறித்துக் கிடக்கும். நவம்பரிலிருந்து குளிர். வெந்நீரில் உட்கார ஆசை வருவதும் அப்போதுதான். தலையில் ஐஸ் தண்ணீர் சொட்டுவதும் அப்போதுதான்.

2024 கோடையிலேயே மாப்பிள்ளை ஒரு கூரை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டார். நாலு கால், மேலே துணி. மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். காலுக்கு ஒரு மணல் மூட்டை கட்டியிருந்தாராம். அந்த வருஷம் நவம்பர் 19-ஆம் தேதி இரவு மேற்கு வாஷிங்டனில் ஒரு பெரிய புயற்காற்று அடித்தது. மரங்கள் சாய்ந்து, லட்சக்கணக்கான வீடுகளில் விளக்கு அணைந்தது. வழக்கமாக அங்கே குளிர்காலப் புயல் தெற்கிலிருந்து வருமாம். அன்றைக்கு மலைப் பக்கமாகக் கிழக்கிலிருந்து வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் மணல் மூட்டைகள் நாலும் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தன. கூரையைக் காணோம்! அது வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ரோஜாச் செடிகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபத்தைந்து வயது வெள்ளைக்காரர். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். ரோஜாச் செடிக்காக ஒரு வார்த்தை கோபிக்கவில்லையாம். கூரையைத் தாமே மடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கூரையைத் தாங்குவதற்கு நாலு குச்சி போதும், பிடித்து நிறுத்துவதற்குத்தான் கனம் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நம் ஊரில் கூரை தலையில் விழாமலிருக்கத்தான் யோசிக்கிறோம். திறந்த வெளியில் நாலு காலில் நிற்கும் கூரையோ மேலே பறக்கத்தான் பார்க்கும். காற்று அடியில் புகுந்தால் அது குடையாகிவிடுகிறது. காலைத் தரையோடு பிணைக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் குழி தோண்டிக் கான்கிரீட் போட வேண்டும். ஒரு கன அடி கான்கிரீட் ஏறக்குறைய 150 பவுண்டு இருக்கும் என்றால், கடையில் விற்கும் மணல் மூட்டை எந்த மூலைக்கு?

நான் போன இரண்டாம் நாளே மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, ஏழு வகைக் கூரைகளையும் விலை, ஆயுள், அழகு என்று மார்க் போட்டுக் காண்பித்தார். பரீட்சைப் பேப்பர் திருத்தினாற்போல் இருந்தது. நான் அந்தக் கட்டத்தை மூடச் சொல்லிவிட்டு, ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போய் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தேன். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில் வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த மரம் எதை உதிர்க்கிறது என்று பார்த்தேன். கடைக்காரர்கள் சொல்லாத அநேக விஷயங்கள் முக்காலிக்குத் தெரியும்.

வெயில் விஷயத்தில் நான் முதலில் ஏமாந்தேன். நமக்கு வெயில் என்றால் உச்சந்தலையில் அடிப்பது. தலைக்கு மேல் ஓர் ஓலைக் கீற்று இருந்தால் போதும். சியாட்டில் பக்கத்தில் சூரியன் ஒரு நாளும் உச்சிக்கு வருவதில்லை. ஜூன் மாத நடுப்பகலிலேயே 66 டிகிரி உயரந்தான். டிசம்பரில் 19 டிகிரி. ஜூனில் அஸ்தமிப்பது இரவு ஒன்பது மணிக்கு மேல்! சாயங்காலம் ஆறு மணிக்குச் சூரியன் மேற்கே 30 டிகிரியில் நின்றுகொண்டு முகத்துக்கு நேராகப் பார்க்கிறது. தொட்டியில் உட்கார்ந்தால் தலை தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும். கூரை எட்டடி உயரம். ஆறு மணி வெயிலைக் கூரையால் மட்டும் தடுக்க வேண்டுமென்றால், அது நம் தலையிலிருந்து மேற்கே ஏழடி நீண்டிருக்க வேண்டும். ஏழு மணி வெயிலுக்குப் பதினோரு அடி. யாரால் முடியும்? அங்கே கூரைக்கு வேலை இல்லை. பக்கத்தில் ஒரு தட்டிதான் வேண்டும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு சுருட்டுத் திரை போட்டுவிட்டால், வேண்டும்போது இறக்கலாம், வேண்டாதபோது சுருட்டலாம். நம் வீட்டு வராந்தாவில் மூங்கில் தட்டி கட்டுகிறோமே, அதேதான்.

சாய்ந்து வரும் மழைக்கும் இதே கணக்குத்தான். தொட்டியின் அளவுக்கே கூரை போட்டால் ஓரத்தில் உட்காருகிறவர்கள் நனைவார்கள். நாலு பக்கமும் இரண்டடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும்.

குடை, கப்பற்பாய் போலக் கட்டும் துணி, மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய பெர்கோலா ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குடை வெயிலுக்குச் சரி. காற்றடித்தால் மடக்க வேண்டும், மறந்தால் போயிற்று. துணியை நல்ல சரிவாக இழுத்துக் கட்டாவிட்டால் நடுவில் மழைநீர் தேங்கி யானை வயிறு போலத் தொங்கும். பெர்கோலா போட்டோவில் வெகு அழகு. மழையோ இடுக்கு வழியே நேராகத் தலையில் விழும். அதன் மேல் தகடு போட்டால்தான் உபயோகம்.

இரும்புத் தகட்டுக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மாப்பிள்ளையின் கட்டத்தில் அதற்குத்தான் முதல் மார்க். உறுதியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் மார்கழிக் குளிரில் சோற்றுப் பானையை மூடிய தட்டைத் திறந்து பாருங்கள். அடிப்புறம் முழுக்க நீர் முத்துக் கோத்திருக்கும். 40 டிகிரி வெந்நீரிலிருந்து எழும் ஆவி, உறைகிற குளிரில் கிடக்கும் இரும்புத் தகட்டில் பட்டால் அதே கதிதான். வெளியே மழை இருக்காது. கூரைக்குள்ளே சொட்டுச் சொட்டென்று விழும், அதுவும் குளிர்ந்த நீர்! அடியில் மரப்பலகை பதித்து, ஆவி வெளியேற மேலே இடைவெளி விட்டால் சொட்டுவது வெகுவாகக் குறையும். எந்தக் கூரையானாலும் பக்கங்களை முழுக்க அடைத்துவிடக் கூடாது. ஆவியோடு குளோரின் நெடியும் சேர்ந்து நிற்கும். சாதாரண ஆணியும் திருகும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு கொஞ்சம் விலை அதிகம். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

என் பெண்ணின் கட்சி பாலிகார்பனேட் தகடு. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், உடையாது. "வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு மழை விழுவதைப் பார்க்க வேண்டும், அம்மா" என்றாள். ஆசை நியாயமானதுதானே? இதில் ஒற்றைத் தகடும் உண்டு. நடுவே காற்றறைகள் உள்ள இரட்டைத் தகடும் உண்டு. இரட்டைத் தகட்டில் நீர் முத்துக் கோப்பது குறைவு. வெயிலைத் தாங்கும் பூச்சு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் மேலே பார்க்க வேண்டும். தவறிக் கவிழ்த்துப் போட்டால் சில வருஷங்களில் மஞ்சள் பூத்து நொறுங்கும். வெயிலில் தகடு நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே திருகுக்கான துளையைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும். சரிவு அடிக்கு ஓர் அங்குலமாவது இருக்கட்டும். அந்த ஊரில் ஊசியிலை மரங்கள் உதிர்ப்பதற்குக் கணக்கே இல்லை. சரிவு போதாவிட்டால் ஊசிகள் தங்கி, பாசி பிடித்து, ஒரு வருஷத்தில் தெளிவான கூரை பச்சைக் கூரையாகிவிடும்.

கால்களுக்கு அந்தப் பிரதேசத்திலேயே வளரும் செந்நிறச் சீடர் மரம் நல்லது. ஈரத்தில் எளிதில் உளுத்துப் போகாது. ஆனாலும் மரத்தை நேரே கான்கிரீட்டில் புதைக்காமல், இரும்புச் செருகில் ஓர் அங்குலம் தூக்கி நிறுத்த வேண்டும். தொட்டியின் மூடிக்கும் இடம் விட வேண்டும். அது மறந்து போகிற விஷயம். கனத்த மெத்தை போன்ற அந்த மூடியைப் பாதியாக மடித்துப் பின்பக்கம் நிமிர்த்தி வைப்பார்கள். அங்கே தூணை நட்டுவிட்டால் அப்புறம் தொட்டியைத் திறக்கவே முடியாது! கூரை இல்லாத இடத்தில் முதலில் பாழாவதும் இந்த மூடிதான். வெயிலில் மேலுறை வெடித்து, வெடிப்பு வழியே தண்ணீர் புகுந்து, பெண்பிள்ளை ஒருத்தியால் தூக்க முடியாத கனமாகிவிடுகிறது. தொட்டியைப் பழுது பார்க்க ஆள் நுழைய இரண்டடியாவது சுற்றிலும் வேண்டும். மின்சார விஷயத்தில் சொந்த சாமர்த்தியம் கூடாது. தண்ணீரிலிருந்து ஐந்தடிக்குள் சுவிட்சும் ஆறடிக்குள் பிளக்கும் இருக்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. தாழ்ந்த கூரையிலிருந்து தொட்டிக்கு நேர் மேலே மின்விளக்குத் தொங்கவிடுவதும் ஆகாது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். நகர அலுவலகத்தையும் காலனிச் சங்கத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இத்தனை சதுர அடிக்குள் அனுமதி வேண்டாம், வேலியிலிருந்து இத்தனை அடி தள்ளிப் போட வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இத்தனையும் பேசி, தெளிவான பாலிகார்பனேட் கூரை என்று முடிவாகி, மாப்பிள்ளையும் தம் இரும்புத் தகட்டை விட்டுக் கொடுத்து, மறுநாள் ஆர்டர் செய்வதாக இருந்தது. சம்பந்தியம்மாள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "உங்களுக்குச் சம்மதந்தானே, சம்பந்தியம்மா?" என்றேன். "எனக்கென்ன, குழந்தைகள் ஆசைப்படி செய்யட்டும்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நாலு பேர் எதிரில் பெண்பிள்ளைகள் 'எனக்கென்ன' என்று சொன்னால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இரவு மற்றவர்கள் படுத்த பிறகு, அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தைலம் தேய்த்த காலோடு தொட்டியில் இறங்கக் கூடாதாம், சம்பந்தியம்மா. எண்ணெய் வடிகட்டியை அடைத்து, தண்ணீர் நுரைத்துக்கொள்ளுமாம்" என்று பேச்சை ஆரம்பித்தேன்.

"நான் இறங்கினால்தானே?" என்றார்.

"மழைக்குக் கூரை வந்துவிடுகிறது. வெயிலுக்குத் தட்டி வருகிறது. அப்புறம் என்ன?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "வடக்கே பக்கத்து வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது, பார்த்தீர்களா? அந்தப் பெரியவர் நல்ல மனுஷர். தங்கமானவர். இருந்தாலும் ஜன்னல் ஜன்னல்தானே! அறுபத்தெட்டு வயதில் ஈரத் துணியோடு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வேன்? எத்தனை பணம் போட்டு வாங்கியிருக்கிறான்!" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. பதினோரு மாதமாக மழை என்றும் வெயில் என்றும் அவர் சொன்னது இதைத்தான். கம்ப்யூட்டர்க் கட்டத்தில் விலை இருந்தது, ஆயுள் இருந்தது, அழகு இருந்தது. மறைப்பு என்று ஒரு கட்டம் இல்லை. முக்காலியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்த எனக்கும் அது தோன்றவில்லை. நான் கீழே உட்கார்ந்து சூரியனைப் பார்த்தேனே தவிர, மாடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில், தொட்டியைக் கழுவுவதற்காகத் தண்ணீர் இறைத்திருந்த சமயம், நானே உள்ளே இறங்கி ஒவ்வோர் ஆசனத்திலும் உட்கார்ந்தேன். சாஸ்திரம் எளிது: நமக்கு ஜன்னல் தெரிந்தால் ஜன்னலுக்கு நாம் தெரிவோம். முழங்காலுக்குத் தண்ணீர் பீறிடும் ஆசனம் வடக்கு ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. இருபதடி தூரம், பதினைந்தடி உயரம். ஆறடி வேலி ஒன்றுக்கும் உதவவில்லை. பார்வை அதன் தலைக்கு மேலே தாண்டி வருகிறது. பேத்தியை ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, துடைப்பக் குச்சியால் அளந்தேன். என் தலையிலிருந்து ஜன்னலுக்கு நூல் போட்டால், கூரையின் வட விளிம்பு வரவேண்டிய இடத்தில் அது ஐந்தரை அடி உயரத்தில் போயிற்று. விளிம்போ ஏழரை அடி. ஆகக் கூரைக்கு அடியிலேயே பார்வை புகுந்துவிடுகிறது! தெற்கு ஓரத்து ஆசனத்திலிருந்து நூல் பிடித்தால் அது கூரையின் ஊடே போயிற்று. தகடு தெளிவாக இருந்தால் அங்கேயும் மறைப்பில்லை. பிள்ளை பதினாயிரம் யோசனை செய்து கூரை போட்டாலும், தாயார் மறுபடியும் "தலைவலிக்கிறது" என்று ஏதாவது சொல்லிக்கொண்டு உள்ளேயே இருந்திருப்பார்.

மாப்பிள்ளையிடம் விஷயத்தை அப்படியே சொல்லவில்லை. "வடக்குக் காற்று முதுகில் அடிக்கிறது, அந்தப் பக்கம் விளிம்பிலிருந்து இரண்டரை அடிக்கு ஒரு பலகைத் தட்டி தொங்க வேண்டும். கூரையில் வடக்குப் பக்கத் தகடுகள் பால் வெள்ளையாக இருக்கட்டும், தெற்குப் பக்கம் இரண்டு தகடு மட்டும் தெளிவாக இருந்தால் உன் பெண்டாட்டி மழை பார்த்துக்கொள்ளட்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார். புத்திசாலிப் பிள்ளை. காதுவரை சிவந்துபோய், "சரி, அத்தை" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் தம் தாயார் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்காமலே கீரை ஆய்ந்து கொடுத்தார்.

தட்டி தொங்கவிட்டதில் இன்னொரு லாபம். ஐந்தடிக்குக் கீழே திறந்தே இருப்பதால் ஆவி நிற்கவில்லை. கொல்லையும் சிறைச்சாலை மாதிரி ஆகிவிடவில்லை. ஆளுயரச் சுவர் எழுப்பியிருந்தால் இரண்டும் கெட்டிருக்கும்.

வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரே மேஸ்திரியாக வந்தார். குழிக்கு அளவு சொன்னார், தூணுக்கு மட்டம் பார்த்தார். வடக்குத் தட்டியை மாட்டும்போது எங்கள் எல்லாருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் வீட்டு ஜன்னலுக்கு எதிராக அவர் கையாலேயே திரை கட்டச் சொல்கிறோமே! அவரோ திருகை முடுக்கிக்கொண்டே, "என் மனைவிக்கு ரொம்ப நிம்மதியாக இருக்கும்" என்றார். என்ன விஷயம் என்றால், மாடிப்படித் திருப்பத்திலுள்ள அந்த ஜன்னலின் திரையை, தொட்டி வந்த நாளிலிருந்து அவர்கள் தூக்குவதே இல்லையாம். இவர்களுக்குக் கூச்சமாக இருக்குமே என்று அந்த அம்மாள் வருஷம் முழுவதும் பகலிலும் படிக்கட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறாள். சம்பந்தியம்மாளுக்கு இதைத் தமிழில் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு டப்பா ரவா லாடு போயிற்று.

உடை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். புடவையோடு இறங்கலாமா என்று பலர் கேட்பீர்கள். கூடவே கூடாது. தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் தண்ணீரை உறிஞ்சும் வாய்கள் இருக்கின்றன. தலைப்போ அவிழ்ந்த கூந்தலோ அதில் சிக்கினால் ஆபத்து. அமெரிக்காவில் ஒரு குழந்தை அந்த உறிஞ்சலில் சிக்கி இறந்த பிறகு, அந்த வாய்களின் மூடி எப்படி இருக்க வேண்டும் என்று 2007-ல் சட்டமே செய்தார்கள். கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள். முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால் உள்ள இறுக்கமான நீச்சல் உடை அங்கே கடையில் கிடைக்கிறது. சம்பந்தியம்மாளுக்குக் கருநீலத்தில் ஒன்று வாங்கி, அதன் மேல் போட்டுக்கொள்ளத் துவாலைத் துணியில் ஓர் அங்கியும் நானே தைத்துக் கொடுத்தேன். வயதானவர்கள், ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே. சூட்டைக் குறைத்து வைத்துப் பத்து நிமிஷம் போதும். எழுந்திருக்கும்போது தலை சுற்றும், ஆகவே பிடித்துக்கொள்ளக் கம்பியும் கூட ஓர் ஆளும் அவசியம்.

கூரை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சொல்லி வைத்தாற்போல் தூறல் ஆரம்பித்தது. பேத்தி முதலில் குதித்தாள். சம்பந்தியம்மாள் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, வடக்கு ஓரத்து ஆசனத்தில் உட்கார்ந்தார். ஒரு தடவை தலையைத் திருப்பி மேலே பார்த்தார். பலகைத் தட்டிதான் தெரிந்தது. தட்டிக்கு அப்பால், எனக்கு மட்டும் தெரியும்படியாக, மாடி ஜன்னலில் திரை தூக்கியிருந்தது. அந்த அம்மாள் விளக்கில்லாமலே படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் ஆனதும், "போதும், எழுந்திருங்கள்" என்றேன்.

"இன்னும் இரண்டு நிமிஷம், சம்பந்தியம்மா. இடது கால் இப்போதுதான் இளகுகிறது" என்றார்.